அலகு

எடையூர் கொள்முதல் நிலையத்தில்
பட்டியல் எழுதுகிறேன்.
பருவகாலப் பணி. தையில் தொடங்கி நெல் தீரும் வரை.
சுவரில் ஒரு பலகை:
ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மிகாமல்.

சமன்பாடு ஒற்றைப் புள்ளியில் உட்கார்ந்துவிடும்.
'மிகாமல்' அப்படியில்லை.
பதினேழும் வரலாம், பதினாறரையும் வரலாம்,
இடையில் உள்ள எதுவும் வரலாம்.
வரக்கூடாதது வாசலில் நிற்கும்.

செவ்வாய் காலை
அஞ்சுகத்தின் குவியலில் கைவிட்டு அள்ளினேன்.
ஈரமானி இருபத்தொன்று என்றது.
அறுபத்து மூன்று சிப்பம் தேறும். குத்தகை நிலம்.
"எத்தனை நாள் காயணும், அதைச் சொல்லு.
போயிட்டு வான்னு மட்டும் சொல்லாதே" என்றாள்.

பகலில் வெயில் ஒன்றரை எடுக்கிறது.
இரவில் பனி அரையைத் திருப்பிக் கொடுக்கிறது.
ஆக நாளுக்கு ஒன்று.
நாட்களுக்கு 'நா' என்று பெயர் வைத்து
ரசீதுப் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதினேன்:

21 − நா ≤ 17
−நா ≤ −4

ஒன்பதாம் வகுப்பில் இந்த இடத்தில்தான் வழுக்கினேன்.
குறையெண்ணால் பெருக்கினால் குறி திரும்பும் என்று
மனப்பாடம் செய்து, தேர்வில் மறந்து,
இரண்டு மதிப்பெண் போனது.
இன்று மறந்தால்
நான்கு நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் வா
என்று ஆகிவிடும். இன்றே வா என்றும்.
இன்றுதான் வந்து நிற்கிறாள், ஈர நெல்லோடு.

மேசைமேல் கூட்டுறவுச் சங்கத்தின் நிலுவைத்தாள் கிடந்தது.
ஐந்து மூட்டை வைத்திருப்பவர்
மூன்று வைத்திருப்பவரைவிடப் பெரியவர்.
இருவரையும் அப்படியே கடனுக்குள் தள்ளிப் பார்த்தேன்.
ஐந்து தர வேண்டியவர் கீழே போனார்,
மூன்று தர வேண்டியவர் மேலே நின்றார்.
எண் மாறவில்லை.
பூஜ்யத்தின் அந்தப் பக்கம் போனார்கள், அவ்வளவுதான்.

வாய்க்காலில் ஒரு மடையான்
இடப்பக்கம் நீட்டியிருந்த அலகை
வலப்பக்கம் திருப்பிக்கொண்டது.

நா ≥ 4

மிகாமல் என்று கேட்ட கேள்விக்கு
குறையாமல் என்று விடை.
"நாலு நாளுக்குக் குறையாம" என்றேன்.

"மேல எத்தனை வேணும்னாலும் போகலாமா?"

கணக்கு போகலாம் என்கிறது.
எண்கோட்டில் நான்கின் மேல் அடைத்த வட்டம்,
அதிலிருந்து புறப்பட்ட அம்பு
அட்டையின் ஓரம் தாண்டியும் போகிறது.
அவள் செல்பேசியைக் காட்டினாள்.
சனிக்கிழமை பிற்பகல் மழை.
ஐந்தாம் நாள் கிடையாது.
ஐந்தின் மேல் வெற்று வட்டம் போட்டு
அம்பை அங்கேயே வெட்டினேன்.
முடிவிலியில் மிஞ்சியது ஒரு காலைப்பொழுது.

சனிக்கிழமை.
முத்துப்பேட்டைப் பக்கம் வானம் கறுத்திருந்தது.
மூன்று இடத்தில் மூன்று பிடி.
17.3
16.7
17.0

சராசரி சரியாகப் பதினேழு.
"சரியாப் பதினேழுன்னா சேருமா, சேராதா?"
தோளில் கோணியோடு தாவீது கேட்டார்.

குறிக்கு அடியில் ஒரு சின்னக் கோடு உண்டு.
இத்தனை வருடம் அதை அலங்காரம் என்று நினைத்திருந்தேன்.
அஞ்சுகத்தின் நெல் முழுவதும்
அந்தக் கோட்டின் மேல் நின்றது.

"சேரும்."

தராசில் அறுபது சிப்பம்தான் வந்தது.
மூன்றை வெயில் வைத்துக்கொண்டது.
அவள் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை,
ரசீதை மட்டும் இரண்டு முறை படித்தாள்.

அடுத்த குவியல் ரகமத்துல்லாவுடையது.
19.4.
"நமக்கு எத்தனை நாளும்மா?"
அவர் கேட்டபோது
பலகையின் மேல் முதல் துளிகள் விழுந்தன.
மழை எடுக்காது, கொடுக்கும்.
நாளுக்கு ஒன்று என்றே வைத்து எழுதினேன்:

19.4 + நா ≤ 17
நா ≤ −2.4

இம்முறை குறி திரும்பவில்லை.
விடை நேற்றுக்கும் முந்தாநாளுக்கும் பின்னால்
வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

பின்னட்டையை மூடினேன்.
தார்ப்பாயின் ஒரு முனை காற்றில் அடித்துக்கொண்டது.
ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன்.